ஷூ காவடி

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கிறவர்களில் இரண்டு ரகம். வெறுங்காலோடு வருகிற ஆச்சி ஒன்று. நாலாயிரம் ரூபாய் ஷூவை முந்தாநாள் வாங்கிய நான் இன்னொன்று. நத்தம் வருவதற்குள் என் குதிகாலில் இரண்டு கொப்புளம், ஊறிய ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று.

"புதுச் செருப்பு கடிக்கும்னு தெரியாதா தம்பி?" என்றார் ஆச்சி.

படித்தவன் சும்மா இருப்பேனா? விளக்கினேன். பருத்திக் காலுறை வியர்வையை விடாது. ஈரத்தோல் உரசி உரசி அடுக்கு விட்டுப்போய் நடுவில் நீர் கோக்கும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், ஆகவே ஷூ அரை சைஸ் பெரிதாக வேண்டும். வாசலின் தடவ வேண்டும். எல்லாம் தெரியும்!

பொறுமையாகக் கேட்டவர் பையிலிருந்து தேங்காயெண்ணெயை நீட்டினார். "தோலை மட்டும் உரிச்சிடாதீங்க."

ஷூ இப்போது என் தோளில், காவடியாக.