பேரணி வரைக்கும் சார்ஜ்

மற்றவர்கள் போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்வார்கள். நான் ஸ்டேஷன் பெயரில் சொல்வேன். வீடு விழுப்புரம், வேலை திண்டிவனம். நடுவில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நான்கு ஸ்டேஷன்கள். சாயங்காலம் ரயில் ஏறும்போது மனைவி கூப்பிட்டு, "சார்ஜ் எவ்ளோ இருக்குது?" என்பாள். "பேரணி வரைக்கும் வரும்" என்பேன். வாங்கி வர வேண்டியதையெல்லாம் மயிலம் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடுவாள். விக்கிரவாண்டிக்குப் பிறகு அவளுக்கு நினைவு வந்த கொத்தமல்லி எதுவும் எங்கள் வீட்டு ரசத்தில் விழுந்ததில்லை.

எல்லாம் 2024 ஆடித் தள்ளுபடியில் தொடங்கியது. பழைய போன் கொஞ்சம் குண்டு, 5 அங்குலத் திரை. கடைக்காரத் தம்பி 6.5 அங்குலத்தில் ஒன்றை எடுத்து, குழந்தையைக் கொடுப்பது போல என் கையில் வைத்தான்.

"எவ்ளோ ஸ்லிம் பாருங்கண்ணா. பாக்கெட்ல இருக்கறதே தெரியாது."

உண்மையிலேயே தெரியவில்லை. இரண்டு தடவை பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும் தம்பி?"

"ஃபாஸ்ட் சார்ஜிங் இருக்குதுண்ணா!"

குடம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால், குழாயில் தண்ணீர் வேகமாக வரும் என்கிறான். அதற்கும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டினேன். இதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடையில் நின்று போனைப் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் ஒல்லி தெரியும், திரை தெரியும், பளபளப்பு தெரியும். பேட்டரி தெரியாது. அது சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தெரியும். அதற்குள் கடை வேறு ஆளுக்கு விற்றுக்கொண்டிருக்கும்.

ஓட்டலில் பேப்பர் ரோஸ்ட் கொண்டுவந்து வைப்பார்களே, அதுதான் இந்த போன். மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளும். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்ப்பார். தின்று முடித்துத் தெருவில் இறங்கினால் பசிக்கும். மாவு என்னவோ ஒரு கரண்டிதான். அதை எவ்வளவு தூரம் இழுத்தார்கள் என்பதில்தான் மாஸ்டரின் திறமை. 5 அங்குலத் திரைக்கும் 6.5 அங்குலத் திரைக்கும் ஒன்றரை அங்குலந்தானே வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை இழுத்த கோடு. பரப்பைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அத்தனை பரப்புக்கும் வெளிச்சம் கொடுக்க வேண்டும். அதுவும் விழுப்புரம் பிளாட்பாரத்து வெயிலில் எழுத்து தெரிகிற அளவுக்கு. போதாததற்கு ரயில் ஓட ஓட டவர் மாறிக்கொண்டே இருக்கும். டவர் தூரமாகப் போகப் போக, வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிடுவது போல போன் உரக்கக் கத்த வேண்டியிருக்கும். கத்துவதற்கும் தெம்பு வேண்டுமில்லையா?

ஒருநாள் சாயங்காலம், பேரணியைத் தாண்டியதும் வழக்கம்போல போன் கண்ணை மூடியது. சரியாக அப்போது பெட்டிக்குள் டி.டி.இ. வந்தார். என் சீசன் டிக்கெட் போனுக்குள் இருந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. திண்டிவனம் என்ற பெயருக்கே புளியங்காடு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்தக் காடு முழுவதையும் கரைத்துவிட்டது.

"டிக்கெட் இருக்குது சார்."

"காட்டுங்க."

"இருக்குது சார். ஆனா இப்போதைக்கு இல்ல."

இப்படி ஒரு பதிலை வேதாந்திகள் சொன்னால் மாலை போடுவார்கள். ரயில்வே விதியில் அதற்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதம், டிக்கெட் கட்டணம் தனி. காட்ட முடியாத டிக்கெட், எடுக்காத டிக்கெட். எதிரே இருந்த பூக்காரம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாக மடித்த டிக்கெட்டை எடுத்து நீட்டினார். சுருக்குப்பைக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை. அந்த அம்மாவே என்னை இரக்கத்தோடு பார்த்து, "போன்லாம் பெருசாத்தான் வெச்சிருக்குது" என்றார். அபராதத்தை விட அதுதான் அதிகமாக வலித்தது.

இங்கே என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவர் கையில் இன்றைக்கும் நோக்கியா 1100. 2003இல் வந்த மாடல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. 20 மில்லிமீட்டர் கனம், தலையில் டார்ச் லைட், தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய திரை. பாக்கெட்டில் போட்டால் சட்டை ஒரு பக்கமாக இழுக்கும். சித்தப்பா நடப்பதே ஒரு பக்கமாகத்தான். பேட்டரி தேய்ந்துபோனால் திண்டிவனத்தில் எஃப்.எம். ரேடியோவுக்கு விற்கிற அதே வகைப் பேட்டரியை வாங்கி, முதுகு மூடியைக் கழற்றி அவரே போட்டுக்கொள்வார். என் போனின் முதுகைத் திறக்க மெக்கானிக்கும் சூட்டுக்காற்று மெஷினும் வேண்டும்.

எனக்கு வெகுநாள் ஒரு சந்தேகம். சித்தப்பா போனின் பேட்டரி 850 எம்.ஏ.ஹெச். என்னுடையது 4,500. அஞ்சு மடங்குக்கு மேல் சாப்பிடுகிற என் போன் சாயங்காலத்துக்குள் மயங்கி விழுகிறது. சித்தப்பா போனோ சும்மா வைத்திருந்தால் 400 மணி நேரம் வரை நிற்கும் என்று கம்பெனியே சொன்னது. விஷயம் சாப்பாட்டில் மட்டும் இல்லை, குடும்பத்தின் அளவில் இருக்கிறது. சித்தப்பா போன் ஒண்டிக்கட்டை. மணி அடித்தால் பேசும், இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். என் போனுக்குள் நாற்பது செயலிகள். நான் தூங்கினாலும் அவை தூங்குவதில்லை. ஒன்று நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கும், இன்னொன்று நான் என்ன வாங்கலாம் என்று யோசிக்கும். நாற்பது பேருக்குச் சமைக்க ஒரு சின்ன அடுப்பு, அதையும் ஒல்லியாக வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் நான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியது. கரையேறிய புயல் நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 அன்று ரயில்களை நிறுத்தினார்கள். எங்கள் தெருவில் கரண்ட் போனது போனதுதான். முதல் நாள் ராத்திரியே என் போன் தீர்ந்துவிட்டது. புயல் எங்கே இருக்கிறது என்று அந்த அழகான பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். புயல் நகரவில்லை, சார்ஜ் நகர்ந்துவிட்டது. மனைவியின் போன் அடுத்த நாள் காலை அதன் பின்னாலேயே போனது.

சித்தப்பா மயிலத்திலிருந்து எனக்கு விடாமல் போன் போட்டிருக்கிறார். சுவிட்ச் ஆஃப். இருட்டில் டார்ச் அடித்து, ஊருக்குள் நாலு பேருக்கு வழி காட்டி, டவர் கிடைத்தபோதெல்லாம் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்து, அதற்குப் பிறகும் அவர் போனில் இரண்டு கோடு மிச்சம். தண்ணீர் வடிந்ததும் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே விழுப்புரம் வந்துவிட்டார். கேரியரில் ஒரு தூக்கு இட்லி. கதவைத் திறந்த என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உசுரோடதான் இருக்கிறியா? போன்தான் செத்துச்சா?"

பிறகு என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ மெலிசா இருக்குதே, இதுல பேட்டரிய எங்கடா வெக்கிறான்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த மாதம் ஆபீஸ் பையை எடை பார்த்தபோதுதான் தெரிந்தது. சோற்று டப்பா பக்கத்தில் செங்கல் மாதிரி ஒரு பவர் பேங்க். அதற்கு ஒரு ஒயர். அந்த ஒயர் அறுந்தால் இன்னொரு ஒயர். சார்ஜர் தலை. ஒல்லி போன் கீழே விழுந்தால் உடையும் என்று அதற்கு மாட்டிய தடித்த ரப்பர் உறை. போனிலிருந்து இளைத்த சதையெல்லாம் பையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தடிமன் எங்கேயும் போவதில்லை. கம்பெனிக்காரன் அதை போனிலிருந்து எடுத்து நம் தோளில் மாட்டிவிடுகிறான், அதற்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு.

இதை நான் சொல்வதால் நம்ப வேண்டாம். 2025 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி ஐபோன் ஏர் என்று ஒன்று கொண்டுவந்தது. கனம் 5.6 மில்லிமீட்டர். ஆனால் அந்த அளவு கேமராவைச் சேர்க்காமல். கேமராவுக்காக முதுகின் மேல்பக்கம் திண்ணை கட்டியிருக்கிறார்கள். அளக்கும்போது திண்ணையை விட்டுவிட்டு வீட்டை மட்டும் அளக்கிறார்கள். அன்றைக்கே அந்த போனுக்கென்று தனியாக, முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பேட்டரி ஒன்றையும் விற்பனைக்கு வைத்தார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒல்லியை வாங்கலாம். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் அதைக் குண்டாக்கிக்கொள்ளலாம். இப்போது சிலிக்கான்-கார்பன் பேட்டரி என்று புதிதாக வந்து, அதே இடத்தில் முன்பை விட அதிக எம்.ஏ.ஹெச். அடைக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் மிச்சமாகும் இடத்தில் நமக்கு இன்னொரு நாள் சார்ஜ் தருவார்களா, இன்னும் அரை மில்லிமீட்டர் ஒல்லியாக்குவார்களா என்பது கடைக்காரத் தம்பியின் முதல் வாக்கியத்தைப் பொறுத்தது.

நேற்று சாயங்காலம் திண்டிவனத்தில் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு பையன், கல்லூரி முடித்து வருபவன். கையில் என்னுடையதை விடப் பெரிய திரை, என்னுடையதை விட ஒல்லி. மயிலம் வருவதற்குள் அவன் முகம் மாறியது. அந்த முகமாற்றம் எனக்குப் பழக்கமானது.

"அங்கிள், பவர் பேங்க் இருக்குமா?"

பையிலிருந்து செங்கல்லை எடுத்துக் கொடுத்தேன். ஒயரையும் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு சினிமா பார்க்க ஆரம்பித்தான். "போன் செம ஸ்லிம் அங்கிள். வெயிட்டே தெரியாது" என்றான்.

"தெரியாதுப்பா" என்றேன். பவர் பேங்கில் நாலு புள்ளி இருந்தது மூன்றாகியிருந்தது. விழுப்புரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு இறங்கிப் போனான். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் பையை மாற்றிக்கொண்டேன். இவ்வளவு நாளாக என் போனின் கனத்தை மட்டும்தான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.