நரையோடு பிறந்த மாளிகை

புது வீடு கட்டுகிறவர்கள் அது புதிதாகத் தெரிய வேண்டும் என்றுதான் பாடுபடுவார்கள். பால் காய்ச்சி ஒரு வருஷம் ஆகிற வரைக்கும் சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்க விடமாட்டார்கள். ஜேம்ஸ் டீரிங் இதற்கு நேர்மாறு. 1916 கிறிஸ்துமஸுக்கு அவர் குடிபுகுந்த புத்தம்புது வீட்டைப் பார்க்கிறவர்கள், நானூறு வருஷமாக ஒரு இத்தாலியப் பிரபு வம்சம் பாகப்பிரிவினைத் தகராறு இல்லாமல் வாழ்ந்த இடம் என்று நம்ப வேண்டும். அதுதான் அவர் ஆசை. வீடு இருப்பது மியாமியில். அந்த ஊர் நகரமானதே 1896இல்தான். இருபது வயது ஊரில் நானூறு வயது வீடு!

டீரிங் கல்யாணம் ஆகாதவர். அறுவடை இயந்திரம் விற்ற பணம் குவிந்து கிடந்தது. உடம்பு குளிர் தாங்கவில்லை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விஸ்காயா மாளிகை சாட்சி. குளிர்காலத்தில் சில மாதங்கள் தங்கிப் போக ஒரு வீடு. அதற்காக மியாமி ஜனங்களில் பத்தில் ஒருவர் இங்கே வேலை செய்ததாகக் கணக்குச் சொல்வார்கள்.

மகள் வீட்டுக்கு வந்திருந்த அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தைக்குக் காரைக்குடிப் பக்கம். பெரிய வீடுகளைப் பார்த்து வாய் பிளக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "யார் ஒட்டடை அடிக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

வெயில் ஏறுவதற்குள் தோட்டத்தை முடித்துவிடலாம் என்றார். இத்தாலிய பாணித் தோட்டம். செடிகள் அத்தனையும் ஸ்கேல் வைத்து வெட்டப்பட்டு, முன் வரிசை மாணவர்களைப் போல் அசையாமல் நிற்கின்றன. திட்டம் போட்டவர் கொலம்பியாவில் பிறந்து ஃபிளாரன்ஸில் படித்த தியேகோ சுவாரஸ். மாளிகையின் மேடையில் நின்று பார்த்தால் தோட்டத்துக்கு அப்பால் நீர்ப்பரப்பு தெரிய வேண்டும் என்பதுதான் முதல் யோசனை. இத்தாலியில் சரிப்படும். மியாமி வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்தபோது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. உடனே சுவாரஸ், தோட்டத்தின் கோடியில் மண்ணைக் கொட்டிக் குன்று ஒன்றை எழுப்பி, உச்சியில் ஒரு சின்ன மண்டபத்தையும் கட்டி, தண்ணீரை மறைத்துவிட்டார்.

அத்தை குன்றை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டியிருக்கலாமே."

தோட்டத்தில் எங்களைவிட அதிகமாக இருந்தவர்கள் இளவரசிகள். திரும்பிய பக்கமெல்லாம் பதினைந்து வயதுப் பெண், பந்தல் மாதிரி விரிந்த கவுன், தலையில் கிரீடம். இங்கே உள்ள கியூபா நாட்டுக் குடும்பங்களில் பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆவதைத் தடபுடலாகக் கொண்டாடுவார்கள். அதற்குப் படம் எடுக்க விஸ்காயாதான் பேர்போன இடம். இதை அத்தைக்கு எப்படி விளக்குவது என்று நான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கவுனின் வாலைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பிப் பயல், சீப்பும் பவுடருமாகப் பின்னாலேயே ஓடிய அம்மா, தாடையை உயர்த்தச் சொல்லி உயிரை வாங்கிய போட்டோக்காரர். ஒரே பார்வை.

"சடங்கா?"

"கிட்டத்தட்ட அதுதான் அத்தை."

"தாய்மாமன் எங்கே? சீர் தட்டு ஒண்ணையும் காணோமே."

அவர் தேடிய தேடலில், மாமனாக இருக்கக்கூடியவர் என்று சிலை ஓரமாக போன் பேசிக்கொண்டிருந்த ஒருவரையும் கண்டுபிடித்துவிட்டார். மொய் நோட்டு மட்டும் கடைசிவரை அகப்படவில்லை.

மாளிகைக்குக் கிழக்கே விரிகுடா. அலை வந்து மோதாமல் தடுக்க, கல்லிலேயே ஒரு படகு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதில் அலெக்சாண்டர் ஸ்டெர்லிங் கால்டர் செய்த கடற்கன்னிகள். மெத்துக் கல், உப்புக்காற்றும் புயலுமாகச் சேர்ந்து முகத்தை எல்லாம் அரித்துவிட்டன. செலவு செய்து வரவழைத்த பழமை வீட்டுக்குள்ளே இருக்க, ஓசியில் வந்த பழமை இங்கே வெளியே நிற்கிறது. இரண்டாவதைச் சரிசெய்யத்தான் இப்போது காசு போகிறது.

உள்ளே போனதும் முற்றம். கட்டும்போது வானம் பார்த்த முற்றம்தான்; 1980களில் மேலே கண்ணாடி போட்டு ஏசியும் வைத்தார்கள், உள்ளே இருக்கிற சாமான்கள் உப்புக்காற்றில் கெடாமலிருக்க. எங்கள் ஊரில் முற்றத்துக்கு மேலே கம்பி வலை போடுவது குரங்குக்காக. அத்தைக்கு இதில் ஆட்சேபணை இல்லை.

வழிகாட்டிய அம்மாள் பொறுமைசாலி. நூலகத்தில் ஒரு புத்தக அலமாரியைத் தள்ளிக் காட்டினார், அது கதவு. புத்தகங்கள் வெறும் முதுகுகள். டீரிங் வைத்திருந்த புத்தகங்களில் தினம் தவறாமல் திறக்கப்பட்டவை அவையாகத்தான் இருக்கும். டெலிபோன், லிஃப்ட், சுவருக்குள் குழாய் பதித்துத் தூசி உறிஞ்சும் ஏற்பாடு என்று 1916இலேயே சகல வசதியும் உண்டு, எல்லாமே கண்ணில் படாமல். ஒட்டடைக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. குளியல் தொட்டிக்கு நல்ல தண்ணீரும் வரும், விரிகுடாவிலிருந்து உப்புத் தண்ணீரும் வரும் என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னதை மொழிபெயர்த்தேன்.

"எங்க பக்கம் போர் போட்டா சும்மாவே உப்புத் தண்ணிதான் வருது. அதுக்கு இவ்வளவு செலவா?"

இதைத் திருப்பி ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

கீழே நீச்சல் குளம். பாதி வெயிலில், பாதி வீட்டுக்கு அடியில். வீட்டுக்கு அடியில் இருக்கும் பகுதியின் கூரையில் ராபர்ட் வின்த்ராப் சான்லர் ஆழ்கடலையே பிளாஸ்டரில் செய்துவைத்தார், மீனும் சிப்பியுமாக. கடற்கரை, புயல் பாதை, கீழே தண்ணீர், மேலே பிளாஸ்டர்! டீரிங் 1925இல் கப்பல் பயணத்தில் இறந்துபோனார். மறு வருஷமே பெரும்புயல். பிறகு 2005இல் வில்மா, 2017இல் இர்மா. 1952இல் வாரிசுகளிடமிருந்து வாங்கிய நாள் முதல் மாவட்ட நிர்வாகம் எதையாவது ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நானூறு வருஷம் கண்டதாக நடித்த வீடு, நிஜமான நூறு வருஷத்தில் ஆடிப்போய்விட்டது. சுவரைச் செப்பனிட வருகிறவர் பாடு இன்னும் திண்டாட்டம். எது காலம் செய்த கறை, எது சம்பளம் கொடுத்துப் பூசிய கறை?

நடுக்கூடத்துக்கு வந்தபோதுதான் அத்தை நிஜமாகவே அதிர்ந்தார். சுவரில் மாதா படம், பழைய ஓவியம். அதை நடுவில் இரண்டாக அறுத்துக் கதவாக்கி, பின்னால் ஆர்கன் வாத்தியத்தை ஒளித்துவைத்திருக்கிறார்கள். வாசிக்கும்போது திறந்துகொள்ள வசதியாம்.

"சாமி படத்தையா? எங்கேர்ந்து வந்துச்சு இது?"

எல்லாம் ஐரோப்பாவிலிருந்துதான் என்றார் வழிகாட்டி. பால் சால்ஃபின் என்ற கலை ஆலோசகர் டீரிங்கை அழைத்துக்கொண்டு அங்குள்ள பழைய மாளிகைகளின் கதவு, உத்தரம், கணப்பு மேடை, கூரை என்று வாங்கிக் குவித்தார். கட்டடக் கலைஞர் பர்ரல் ஹாஃப்மனுக்கு அந்தக் கதவுக்குத் தக்க சுவரும், அந்தக் கூரைக்குத் தக்க அறையும் கட்டுகிற வேலை.

அத்தை முகம் மாறியது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழஞ்சாமான் கடைகள். இடித்த வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் அங்கே சாய்ந்து நிற்கும். சென்னையிலும் பெங்களூரிலும் எவனாவது புதிதாகக் கட்டும் பழைய வீட்டுக்குப் போகும். அத்தை வீட்டுத் தூண்களையும் புரோக்கர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஏப்பா, ஒரு கதவுக்கு என்ன கொடுத்து வாங்கினானாம்? கேளு."

கேட்டேன். அந்த அம்மாள் சிரித்து, தனக்குத் தெரியாது என்றார்.

"வாங்கினவன் வீட்டுல நின்னு ரேட் கேட்டா எவ சொல்லுவா? வா, போவோம்."