மீனுக்கு எத்தனை வாட்?

போன இதழில் வீட்டு மீன் தொட்டியைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி, கடலூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது இந்த வாரத் தபாலைப் பிரித்ததும் தெரிந்தது. ஆகவே இந்த முறை அரசியல், சினிமா எதுவும் கிடையாது. தொட்டியும் விளக்கும்தான்.

கே: இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறேன். கடையில் விற்கும் எல்.இ.டி. மூடியின் விலையைக் கேட்டால் மீனையே விற்றுவிடலாம் போலிருக்கிறது. நானே செய்ய முடியுமா? (கைத்தறி நெசவாளர், குறிஞ்சிப்பாடி)

ப: அறுந்த பாவு இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடுகிற கைக்கு, இரண்டு வயரில் ஈயம் பற்றவைப்பது ஒரு வேலையே இல்லை. தாராளமாகச் செய்யலாம்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 57 லிட்டர் தொட்டி. எலக்ட்ரிக்கல் கடையில் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் கேளுங்கள். மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 5050 ரகம், வெள்ளை நிறம், 6500 கெல்வின். இது மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். மூன்று விளக்குக்கு ஒருமுறை, அதாவது 5 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுக்கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டில் மட்டும்தான் வெட்ட வேண்டும். 55 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு எடுத்தால் மொத்தம் 1.1 மீட்டர், கிட்டத்தட்ட 16 வாட். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1.3 ஆம்பியர் வரும். 2 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். ஒன்றரை போதாதா என்று கடைக்காரர் கேட்பார். போதும்தான். ஆனால் முழு மூச்சில் ஓடும் அடாப்டர் சீக்கிரம் சூடாகிச் சாகும்.

ஸ்ட்ரிப்பை நேராக மூடியின் பிளாஸ்டிக்கில் ஒட்டாதீர்கள். எல்.இ.டி.யைக் கொல்வது அதன் முதுகில் தேங்குகிற வெப்பம். அலுமினிய சேனலில் ஒட்டினால் வெப்பம் உலோகத்தில் பரவிப் போய்விடும். சித்திரை வெயிலில் நம் பக்கத்து வீடுகளில் தொட்டித் தண்ணீரே 32 டிகிரியைத் தொடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. பற்றவைத்த முனையில் தண்ணீர் படாமலிருக்க, தொட்டிக் கண்ணாடி ஒட்டும் சிலிக்கானையே எடுத்துப் பூசிவிடுவார்கள். அதை முகர்ந்து பாருங்கள், வினிகர் வாசனை அடிக்கும். அது காயும்போது வெளிவிடுவது அசிட்டிக் அமிலம். கண்ணாடிக்கு அது எதுவும் செய்யாது, செம்பை அரித்துவிடும். கொஞ்ச நாளில் முனை பச்சை பூத்து, விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். ‘நியூட்ரல்’ என்று போட்ட சிலிக்கானைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வயர் முனைக்கு ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டி, வாயைப் பசைத் துப்பாக்கியால் அடைத்துவிடுங்கள்.

கே: எரியாமல் போன 9 வாட் பல்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் வட்டத் தட்டைச் சரிசெய்து தொட்டி மூடியில் ஒட்டலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். செலவே இல்லையே! (பாலிடெக்னிக் மாணவர், வடலூர்)

ப: வேண்டாம் தம்பி. இந்தப் பகுதியில் நான் எழுதும் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு வீட்டுக்கு வீடு எல்.இ.டி. பல்பு ஆனது, நல்லதுதான். ஆனால் விலை குறைந்த பல்புகள் பலவற்றில் தனி டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட் மின்சாரம் நேராக அந்த வட்டத் தட்டுக்கே வந்துவிடுகிறது. பல்புக்குள் இருக்கும்வரை மேலே மூடிய பிளாஸ்டிக் கவசம் நம்மைக் காப்பாற்றும். அதைக் கழற்றிவிட்டு ஈரமான மூடிக்கு அடியில் தட்டை மட்டும் ஒட்டினால், ஒரு துளி நீர் போதும். மீனுக்குத் தீனி போடக் கை நீட்டும் குழந்தைக்கு அது தெரியாது. 1 வாட் எல்.இ.டி.களைக் கோத்து எரிக்க விற்கும் மலிவு டிரைவர்களிலும் இதே ஆபத்து உண்டு. வெளியே வருவது முப்பது வோல்ட்தான் என்று நினைப்போம், மெயின் லைனோடு அதற்கு நேர்த் தொடர்பு இருக்கும்.

அதனால்தான் 12 வோல்ட் அடாப்டர் என்று சொல்கிறேன். அதுவும் தொட்டிக்கு மேலே தொங்கக் கூடாது, எட்டத்தில் இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து வரும் வயர் பிளக்கை விடக் கீழே ஒருமுறை தாழ்ந்து, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும். வயர் வழியே ஒழுகும் தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால், விளக்கு வாங்கும் முன் அதைப் போடுங்கள். செலவைப் பார்த்து முகம் சுளிக்கும் அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கே: மீன் கண்ணை மூடித் தூங்குமா? (ஆறாம் வகுப்பு மாணவி, புவனகிரி)

ப: தூங்கும், ஆனால் மூட இமை கிடையாது. அதனால் கண்ணை மூடும் வேலை உங்களுடையது. ராத்திரி ஸ்விட்சை அணையுங்கள் கண்ணு.

கே: வாஸ்து மீனுக்கு விடிய விடிய விளக்கு எரிந்தால்தான் வீட்டுக்கு யோகம் என்கிறார் என் மாமியார். நான் அணைத்தால் அவர் போடுகிறார். (குடும்பத் தலைவி, சிதம்பரம்)

ப: அத்தையிடம் மேலே உள்ள புவனகிரிக் குழந்தையின் கேள்வியைப் படித்துக் காட்டுங்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு டைமர் பிளக் வாங்கி, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துவிடுங்கள். மாலை விளக்கேற்றும் நேரம் அதற்குள் வருமாறு பார்த்துக்கொண்டால் அத்தைக்கும் நிறைவு. நீங்கள் வளர்ப்பது அரோவானா என்றால் இன்னொன்று: அது துள்ளிக் குதிக்கிற மீன். இருட்டில் கிடந்த தொட்டியில் பளீரென்று விளக்கைப் போட்டால் மிரண்டு மூடியை முட்டும். கூடத்து விளக்கைப் போட்டுச் சற்றுப் பொறுத்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள்.

கே: தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. எல்.இ.டி. போட்டதால்தானா? (மளிகைக் கடைக்காரர், குறிஞ்சிப்பாடி)

ப: எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே! கடை திறந்ததிலிருந்து மூடும்வரை என்றால், அதுதான் காரணம். பாசிக்கு வேண்டியது வெளிச்சமும் சத்தும். மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் சத்து. விளக்கை ஆறு மணி நேரமாக்குங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தொட்டியில் நேர்வெயில் விழுந்தால் முதலில் தொட்டியை நகர்த்துங்கள்.

கே: செடி வளர ஊதா நிற விளக்குதான் நல்லது என்கிறார்களே? (கல்லூரி மாணவி, சிதம்பரம்)

ப: செடி சிவப்பையும் நீலத்தையும் அதிகம் வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. அதற்காக வீட்டுக் கூடத்தை ஊதாவாக்க வேண்டியதில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பதே ஒரு நீலச் சில்லுதான். அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்துதான் நம் கண்ணுக்கு வெள்ளை. செடிக்கு வேண்டிய நீலம் அதிலேயே இருக்கிறது, சிவப்பும் ஓரளவு கிடைக்கும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் இந்த வெளிச்சத்திலேயே நன்றாக வளரும்.

அந்த நீல எல்.இ.டி.க்காக 2014-ல் இயற்பியல் நோபல் பெற்ற மூவர் அகசாகி, அமானோ, நகமுரா. இதில் எனக்குப் பிடித்த பொருத்தம் ஒன்று: தொட்டிக்குள் காட்டையே வளர்த்துக் காட்டி, செடித் தொட்டிக் கலையை உலகம் முழுக்கப் பரப்பியவர் பெயரும் அமானோதான். விஞ்ஞானி ஹிரோஷி அமானோ, தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ. இருவரும் ஜப்பானியர், உறவினர் அல்லர். தகாஷி லிஸ்பன் நகரக் காட்சியகத்தில் அமைத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர். நீங்கள் இரண்டடியில் ஆரம்பியுங்கள்.

கே: கரன்ட் பில் எகிறாதா? (ஓய்வுபெற்ற ஊழியர், நெய்வேலி)

ப: ஊருக்கெல்லாம் கரன்ட் கொடுக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! 16 வாட், தினம் எட்டு மணி நேரம் என்றால் மாதம் நான்கு யூனிட்கூட வராது. அடாப்டரில் வீணாவதைச் சேர்த்தாலும் இரண்டு மாத பில்லில் பத்து யூனிட்டுக்குள்தான். பழைய சோக் வைத்த 40 வாட் டியூப்லைட் இதைப்போல மூன்று மடங்கு தின்றது.

கே: கோமாளி மீன், பவளம் எல்லாம் வைத்துக் கடல் தொட்டி போட ஆசை. அதற்கான நீல விளக்கையும் வீட்டிலேயே செய்யலாமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

ப: ஆசையில் பாதி நடக்கும். கோமாளி மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கலாம். நம் பக்கத்திலேயே, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டி இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீனாகப் பார்த்து வாங்குங்கள். உயிருள்ள பவளத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். பவளம் இல்லையென்றால் அந்தக் கடும் நீல வெளிச்சமும் தேவையில்லை, கோமாளிக்கு வெள்ளை விளக்கே போதும். உப்புத் தண்ணீர் சேனலை அரிக்கும் என்பதால், விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கண்ணாடி மூடி வையுங்கள்.

கே: தானே புயல் மாதிரி இன்னொன்று வந்து நாள்கணக்கில் கரன்ட் போனால்? (தென்னை விவசாயி, கடலூர்)

ப: 2011 டிசம்பர் 30 காலையை நம் மாவட்டத்தில் யார் மறப்பார்கள்! அப்படி ஒரு நாளில் விளக்கைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஒரு வாரம் இருட்டில் இருந்தாலும் மீன் தாங்கும், காற்று இல்லாவிட்டால் தாங்காது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் நின்றால், சொம்பில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டியிலேயே திரும்ப ஊற்றுங்கள், அடிக்கடி. தீனி போடாதீர்கள். பல மணி நேரம் நின்று கிடந்த ஃபில்டரை, கரன்ட் வந்ததும் கழுவாமல் ஓட விடாதீர்கள். உள்ளே செத்த பாக்டீரியாவின் அழுக்கெல்லாம் ஒரே மூச்சில் தொட்டிக்குள் இறங்கும். 12 வோல்ட் விளக்கு என்பதால் இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே நேராக மாட்டலாமே என்பீர்கள். சார்ஜ் ஏறும்போது அந்த பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும், ஸ்ட்ரிப்பின் ஆயுள் குறையும். நடுவே ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் வையுங்கள்.

கே: வள்ளலார் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீனைக் கண்ணாடிக்குள் அடைப்பது ஜீவகாருண்யமா? (சன்மார்க்க அன்பர், கருங்குழி)

ப: 1867-ல் அவர் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிற மண்ணிலிருந்து வரும் கேள்வி, ஐயா. உருட்டிப் புரட்டிப் பதில் சொல்ல மாட்டேன். ஆற்றிலும் கடலிலும் பிடித்த மீனை அடைப்பதை நான் ஆதரிக்கவில்லை. பண்ணையில் பிறந்த கப்பியும் மோலியும் ஏரியில் விட்டாலும் கேடு, அங்குள்ள நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துவிடும். அவை யார் வீட்டுக்காவது வந்தாக வேண்டும். வந்த வீட்டில் உருண்டைக் கண்ணாடிக் குடுவை வேண்டாம், போதிய தண்ணீர், ஒளிந்துகொள்ளச் செடி, பகலில் அளவான வெளிச்சம், ராத்திரி முழு இருட்டு. இவ்வளவும் தர முடியாதவர்கள் மீன் வளர்க்க வேண்டாம் என்பதில் உங்கள் கட்சிதான் நான்.

கே: அலுமினிய சேனல் எங்கே கிடைக்கும்? முழு நீளம்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர். (வாசகர், குறிஞ்சிப்பாடி)

ப: கடைக்குப் போகாதீர்கள். அலுமினிய ஜன்னல், பார்ட்டிஷன் அடிக்கும் பட்டறைக்குப் போய், வெட்டிப்போட்ட துண்டு இரண்டடிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். எடைக்குப் போடுவார்கள். உள் அகலம் 12 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று ஸ்ட்ரிப்பை வைத்துப் பார்த்து வாங்குங்கள். வெட்டிய ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கையைக் கிழிக்கும்.