கேரட்டில் குடியேறிய கிம்ச்சி

கேள்வி: தாய்மொழியை மறந்த கொரியர்கள்கூடத் தாய்வீட்டுச் சுவையை மறப்பதில்லையாமே, மெய்தானா?

பதில்: 1937-ஆம் ஆண்டில் ஸ்டாலினின் ஆணையால் சோவியத் தூரகிழக்கிலிருந்து ரயிலேற்றப்பட்டு, கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிடப்பட்ட ஏறத்தாழ 1,70,000 கொரியர்களின் சரித்திரத்தை நினைத்தால், மெய்யென்றே சொல்வேன். கிம்ச்சி என்னும் கொரிய ஊறுகாய்க்கு உகந்த சீன முட்டைக்கோஸ் அங்கே அரிதாயிருக்கவே, அவர்கள் கைக்கெட்டிய கேரட்டை மெல்லிய இழைகளாகச் சீவி, பூண்டும் மிளகாயும் கொத்தமல்லி விதையும் வினிகரும் சேர்த்து, சூடான எண்ணெயை ஊற்றிப் பிசறி, 'மார்கோவ்ச்சா' என்ற நூதன பதார்த்தத்தைச் சிருஷ்டித்தார்கள். பெயரிலேயே ருஷ்யச் சொல்லும் கொரியச் சொல்லும் சம்பந்திகளாகிவிட்டன. பேரப்பிள்ளைகளின் நாவில் ருஷ்ய பாஷை அமர்ந்துகொண்டது வாஸ்தவந்தான். அதே நாவின் ருசியை மட்டும் எந்த அரசாணையாலும் நாடுகடத்த முடியவில்லை. இன்று தாஷ்கண்ட் சந்தையில் உஸ்பெக்கியரும் ருஷ்யரும் மார்கோவ்ச்சாவைப் பிரியத்தோடு வாங்கிச் செல்கிறார்கள்.