பேஜ்மேக்கர் வாழ்க!

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு உள்ள கணினி வேண்டுமாம். நன்றாக ஓடுகிற பெட்டியைக் காயலான் கடையில் போட மனமில்லாதவர்கள் லினக்ஸுக்கு மாறுகிறார்கள். உலாவி, மின்னஞ்சல், கணக்கு வழக்கு எல்லாம் அங்கேயும் நடக்கிறது. நம் டிடிபி உலகத்தில் பலர் மட்டும் அசையமாட்டார்கள். அவர்களுக்குப் பக்கம் கோக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் வேண்டும்.

பேஜ்மேக்கரின் ஜாதகம் சுருக்கமானது. 1985இல் மேக்கின்டோஷில் பிறந்தது. 1994இல் அடோபி கைக்கு வந்தது. 2001இல் 7.0 வெளியானது, அதோடு சரி. பெற்றவர்கள் கைகழுவி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. லினக்ஸ் பக்கம் அது எட்டிப் பார்த்ததேயில்லை. தமிழன் இன்னும் அதற்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறான். அதனால்தான் புத்தம்புது லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை நிறுவி, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியைப் படுக்கவைத்து, அதன் மடியில் பேஜ்மேக்கரை உட்காரவைக்கிற கூத்தெல்லாம் நடக்கிறது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கொள்ளி வைத்தது 2014இல். பழைய எழுத்துரு மென்பொருளின் உரிமச் சாவியான டாங்கிளைச் செருக பிரிண்டர் போர்ட் வேண்டும் என்பதற்காகவே ஒரு கிழட்டுக் கணினிக்கு மூலையில் தனியாக மின்விசிறி போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு.

ஏன் விடமுடியவில்லை? பேஜ்மேக்கருக்கு யூனிகோடு என்கிற பொதுக் குறியாக்கம் தெரியாது. அதில் கிடப்பது தமிழே அல்ல, தமிழ் முகமூடி மாட்டிய ஆங்கில எழுத்து. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். எழுத்துருவை உருவிவிட்டால் உங்களைப் பெற்ற தாய் அவ்வளவுதான். யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் நாம் அரைப்புள்ளியை அம்மா என்று கும்பிடுகிறோம்.

அரசாங்கத்தைக் கேட்கலாமா? கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான் யூனிகோடையும் டேஸ்16ஐயும் குறியாக்கத் தரமென்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆணை போட்டார்கள், ஊர்வலம் விட்டார்கள், வந்தவர்களுக்கு விருந்தும் போட்டார்கள். அதற்குப் பிறகும் அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் ‘தமிழ் வாழ்க’ என்று விளக்கு எரிகிறது. கீழே கணினிக்குள் தமிழ் ஆங்கில எழுத்தாய்ச் செத்துக் கிடக்கிறது. இப்படி உருவான பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேட முடியாது, நகலெடுத்தால் குப்பை வரும். பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பானில் கேட்டால் அது தமிழைப் படிக்காது, எம் கே என்று உளறும். செம்மொழிக்குச் சிலை வைக்கக் காசிருக்கிறது, அந்த மாணவர் காதுக்கு ஒரு வரி போய்ச்சேர வழியில்லை. வெட்கம் இருந்தால் அந்த விளக்கையாவது அணைக்கலாம்.

பதிப்பாளர்களின் சோகம் தனி ரகம். தங்கள் புத்தகம் பிடிஎஃபாக வாட்ஸ்அப்பில் சுற்றினால் ‘திருடர்கள்’ என்று குமுறுகிறார்கள். குமுறல் நியாயம்தான். அந்தப் புத்தகத்தைக் கோத்த பேஜ்மேக்கருக்கு எத்தனை பேர் பில் காட்டுவார்கள்? பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்கும் தட்டச்சுப் பெண்ணைக் குறைசொல்ல வேண்டாம். பழைய தட்டச்சு முறையில் பழகிய விரலை மாற்ற ஒரு மாதச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்த முதலாளி யார்?

மாற்று இல்லாமலில்லை. அடோபியின் இன்டிசைன் 2012இலேயே இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் சந்தா கேட்கும், லினக்ஸில் ஓடாது. லினக்ஸில் ஓடும் ஸ்கிரைபஸ் இலவசம். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பு சிக்கலான எழுத்துகளையும் சமாளிக்கிறது. பழைய கோப்புகளை யூனிகோடாக்கும் மாற்றிகளும் சும்மாவே கிடைக்கின்றன. ஆளுக்கொரு குறியாக்கம் வைத்துப் பிழைத்ததால் மாற்றியபின் மெய்ப்புப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். மெய்ப்புப் பார்க்கிறவருக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்பதுதான் உண்மையான தொழில்நுட்பச் சிக்கல்.

நம்பாவிட்டால் அடுத்த தமிழ் மாநாட்டு மலரை யூனிகோடில் கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் எதுக்கு சார், ஸ்கேன் பண்ணி பிடிஎஃபா அனுப்பிடறோம்” என்பார்கள்.