விண்ணப்ப வித்வான்

என் தாத்தா யாருக்கும் விண்ணப்பம் எழுதியதில்லை. பிள்ளைச்சாவடியில் கூத்து ஜமா வைத்திருந்த அவருக்கு, பங்குனி பிறந்தால் குப்பம் குப்பமாக ஆள் வரும். தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே முன்பணம். தட்டைக் கையில் வாங்கிவிட்டால் முடிந்தது. திட்டத்தின் நோக்கம் என்ன, பயனாளிகள் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்டதில்லை. நோக்கம் ஊருக்கே தெரியும்: அம்மன் குளிர வேண்டும், வலையில் மீன் பட வேண்டும், பக்கத்துக் குப்பத்தில் போன மாதம் ஆடிய கர்ண மோட்சத்தைவிட நம் ஊர்க் கர்ண மோட்சம் ஒரு பிடி தூக்கலாக இருக்க வேண்டும்.

பணம் தலைக்கட்டு வரியிலிருந்து வரும். போதாததற்கு ராத்திரி அன்பளிப்பு. கர்ணன் குற்றுயிராகக் கிடக்கும் நேரத்தில் கட்டியக்காரன் கூத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் ஐந்து ரூபாய் என்று அறிவிப்பான். பேரைச் சரியாகச் சொல்லவில்லை என்று அந்த இன்னார் எழுந்து சத்தம் போட்டால், கர்ணன் இன்னும் கொஞ்ச நேரம் சாகாமல் காத்திருக்க வேண்டியதுதான். மதிப்பீட்டுக் குழு முன்வரிசையில் பாய் போட்டுப் படுத்திருக்கும் கிழவிகள். தூங்கிவிட்டால் தோல்வி. அழுதால் அடுத்த வருஷமும் தாம்பூலம் உண்டு. விடிவதற்குள் முடிவு தெரிந்துவிடும்.

இதைப் பொற்காலம் என்று நான் எழுதினால் தாத்தா எழுந்து வந்து அடிப்பார். நடு ஜாமத்தில் மழை வந்தால் பாதிப் பணம். ஊர் இரண்டு கட்சியானால் அதுவும் இல்லை. பாக்கி கேட்கப் பெரியவர் வீட்டுக்குப் போனால் திண்ணைக்குக் கீழே நின்றுதான் கேட்க வேண்டும். எனக்கு அந்தச் சிறுமை கிடையாது. நான் விண்ணப்பம் போடும் இணையதளத்துக்குத் திண்ணையே இல்லை. பதினெட்டாவது பக்கத்தில் இருக்கும்போது, நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே வா என்று எல்லாச் சாதிக்காரனையும் ஒரே மாதிரி வெளியே தள்ளுகிறது. சமத்துவம் என்றால் சமத்துவம்.

நான் முகவீணை ஊதுகிறவன். நாகஸ்வரத்தின் சின்னத் தம்பி. கூத்துக்காரர்களின் பாட்டுக்குப் பின்னால் விடாமல் ஓடிவரும் கருவி. ஆர்மோனியப் பெட்டி வந்த பிறகு பல ஜமாக்களில் இதற்கு வேலை போய்விட்டது. பழைய உருப்படிகளை ஒலிப்பதிவு செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். ஆசை வந்தால் அதற்கு ஒரு படிவம் இருக்கிறது.

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் நிதிநல்கையில் இளையவருக்கு மாதம் 10,000 ரூபாய், மூத்தவருக்கு 20,000. இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. நாற்பது தாண்டினால் மூத்தவர். ஜமாவில் நாற்பது வயசுக்காரனை இன்னும் ‘டேய் பையா, தண்ணி எடுத்தா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அரசாங்கம் ஒன்றுதான் என்னை மூத்த கலைஞன் என்று ஒத்துக்கொண்டது. பெங்களூரில் 1993இல் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், இந்திய மொழி எதிலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. ஆனாலும் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. ‘தாக்கம்’, ‘நிலைத்தன்மை’ என்றெல்லாம் முகவீணையைப் பற்றித் தமிழில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

படிவத்தின் முதல் பக்கத்தில் இந்தக் கலை செத்துக்கொண்டிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பணம் எதற்கு? இரண்டாம் பக்கத்தில் பன்னிரண்டு மாதத்தில் பிழைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில், பணம் நின்ற பிறகும் எப்படி உயிரோடு இருக்கும் என்று விளக்க வேண்டும். தாத்தா ஊரைப் பார்த்து, எங்கள் கூத்துக்கு ஈடு இணை கிடையாது என்று மார்தட்டித்தான் பிழைத்தார். நான் சாவுச் சேதி எழுதிப் பிழைக்கப் பார்க்கிறேன்.

குழுவாகக் கேட்டால் சங்கப் பதிவு, அரசின் தர்பன் தளத்தில் பதிந்த எண், மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கு. பணம் வந்த பிறகு 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ். ஓர் இடத்தில் வாங்கும் பொருளுக்கெல்லாம் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். எனக்குச் சீவாளி செய்து தருபவர் ஒருவர்தான். அவரிடமே மூன்று விலை கேட்டேன். கோபத்தில் மூன்று விலை சொன்னார்.

முகவரியே எங்களுக்கு ஒரு வில்லங்கம். பிள்ளைச்சாவடி புதுச்சேரி; அடுத்த ஊர் பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. பாண்டிக்குப் போக முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி புதுச்சேரிக்குள் வர வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் எல்லைச் சுங்கக்காரர்கள் தாத்தாவின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பீமன் கிரீடத்தைத் தட்டிப் பார்த்து, தங்கமில்லை, கட்டை என்று திருப்பித் தருவார்களாம். இப்போது சுங்கம் இல்லை. மத்தளக்காரர் தமிழ்நாட்டு ஆதார், ஆர்மோனியப் பெட்டிக்காரர் புதுச்சேரி ஆதார். இருவரும் ஒரே ஜமாவா என்று ஓர் அலுவலகத்தில் சந்தேகப்பட்டார்கள். கிரீடத்தை யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த விண்ணப்பத் தொழிலுக்கு முன்னோடி பாரதிதான். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்துவிட்டு வெளியேறி, 1919இல் எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி அனுப்பினார். அது பழைய பாணி விண்ணப்பம்; பலிக்கவில்லை. 1920இல் கடையத்திலிருந்து புது பாணி: நாற்பது நூல்கள், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, கடன் தருகிறவர்களுக்கு வட்டி உண்டு என்று சுற்றறிக்கை. மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்றுவிடும் என்று விற்பனைக் கணிப்பும் போட்டிருந்தார். அதுவும் நடக்கவில்லை. கணிப்பு என்னமோ சரி. நூறு வருஷம் முந்திக்கொண்டார்.

பலித்த கதையும் உண்டு. பாரீஸின் தெயாத்ர் து சொலேய் நாடகக் குழுவோடு அதன் இயக்குநர் அரியான் மனுஷ்கின் 2015 கடைசியில் பாண்டிக்கு வந்தார். புரிசை சம்பந்தத் தம்பிரான் அந்த நடிகர்களுக்குக் கூத்துக் கற்றுக்கொடுத்தார். 2016இல் அவர்கள் போட்ட நாடகத்தில் திரௌபதியும் கர்ணனும் பிரெஞ்சுக்காரர் உடம்பில் ஏறி ஆடினார்கள். பிரெஞ்சு அரசு மானியம் வாங்கும் குழு அது. நம் கூத்து அவர்கள் பட்ஜெட்டில் ஒரு வரியாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

‘நிகழ்விடம்’ என்ற கட்டத்தை மட்டும் பல நாள் நிரப்பாமலே வைத்திருந்தேன். தாத்தா ஆடிய கடற்கரைக் களம் இப்போது தண்ணீருக்குள். 1980களின் கடைசியில் புதுவைத் துறைமுகத்துக்குக் கல் கொட்டி அலைதடுப்பு கட்டினார்கள். தெற்கிலிருந்து வரும் மணல் நின்றுபோக, வடக்கே கரை கரைந்தது. அங்கே கல் கொட்ட, அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து எங்கள் வீடுகளுக்கு வந்தது. கட்டத்தில் ‘சமுதாயக் கூடம்’ என்று போட்டேன்.

விண்ணப்பம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ‘பரிசீலனையில் உள்ளது.’ ஆனால் செய்தி பரவிவிட்டது. போன மாதம் வடக்கே ஒரு ஜமாவின் வாத்தியார் வந்தார். தாத்தாவை அறிந்தவர். சிம்னி விளக்குக் காலத்தில் ஆரம்பித்த தன் கூத்து வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, நான் அதை நோக்கம், பயன், பட்ஜெட் என்று பிரித்து எழுதிப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“தம்பி, நீ ஊதறதவிட இது நல்லா இருக்குப்பா.”

அவருக்குப் பணம் வந்துவிட்டது. ஜமா கணக்கில் முகவீணைக்கு என்றைக்கும் அரைப்பங்குதான். எழுதியதற்கு எனக்கு முழுப்பங்கு கொடுத்தனுப்பினார்.