கண்டியிலிருந்து காட்டுக்கு

கடலே எட்டாத கண்டிக்கும் கமாண்டோக்களுக்கும் என்ன சம்பந்தம்?
(கட்டுகஸ்தோட்டை வாசகர்)

மௌன்ட்பேட்டன்தான் சம்பந்தம். 1941 ஒக்டோபரிலிருந்து இரண்டு ஆண்டுகள், பிரித்தானியாவின் கமாண்டோத் தாக்குதல்களைத் திட்டமிட்ட அலுவலகம் அவர் கையில் இருந்தது. 1942 மார்ச்சில் பிரான்ஸின் சென் நசேர் துறைமுகத்துக்குப் போன 600க்குச் சற்று மேற்பட்டவர்களில் 169 பேர் மாண்டதும் அவர் காலத்தில்தான். தென்கிழக்காசியாவில் நேச நாடுகளின் தலைமைத் தளபதியானவர் டில்லியில் தங்க விரும்பவில்லை. 1944 ஏப்ரலில் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்துவிட்டார். எதிரி பிடித்த நிலத்துக்குள் இரகசியமாக ஆள் இறக்கும் ‘போர்ஸ் 136’ அமைப்பின் தலைமையகமும் அந்த ஆண்டு முடிவில் கண்டிக்கு வந்தது. அதன் தலைவர் கொலின் மெக்கன்சி முதலாம் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். படைக்கு வருமுன் தையல் நூல் கம்பனியொன்றின் இயக்குநர்.

அந்த அமைப்பில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் சொல்லலாம் என்றால் யாரைச் சொல்வீர்கள்?
(கம்பளை வாசகி)

பிரெடி ஸ்பென்சர் சாப்மனை. 1907இல் பிறந்தவர். கிரீன்லாந்துப் பனியில் ஆய்வுப் பயணம், லாசாவுக்குத் தூது, 1937இல் 7,300 மீற்றருக்கு மேலான சொமோலாரிச் சிகரம், அதன் பிறகு ஸ்கொட்லாந்தில் பள்ளி ஆசிரியர் வேலை. போர் வந்ததும் ஸ்கொட்லாந்திலும் பின்னர் ஆஸ்திரேலியாவிலும் கமாண்டோக்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1941இல் சிங்கப்பூருக்கு வந்தவர், ஜப்பானியப் படை மலாயாவுக்குள் இறங்கி முன்னேறியபோது பின்வாங்காமல் அவர்களுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டார்.

1942 பெப்ரவரியில் இரண்டு வாரம். கூட இருந்தவர்கள் இருவர் மட்டுமே. ஏழெட்டு ரயில்களைக் கவிழ்த்து, 15 பாலங்களைத் தகர்த்து, சுமார் 60 இடங்களில் தண்டவாளத்தை அறுத்து, ஏறக்குறைய 40 வாகனங்களைச் சேதப்படுத்தியதாக அவரே பின்னர் கணக்கு எழுதினார். வேலை செய்வது 200 ஆஸ்திரேலியர்கள் என்று நம்பி ஜப்பானியர் காட்டைச் சல்லடை போட்டார்கள். அகப்பட்டிருக்க வேண்டியவர்கள் மூன்றே பேர்!

அவர் தமிழர் வேடம் போட்டாராமே, உண்மையா?
(ஹட்டன் வாசகர்)

உண்மை. இரவில் பாதையில் நடமாட மூவரும் உடம்பைக் கருப்பாக்கிக்கொண்டு தோட்டத்துத் தமிழர் போல உடுத்துக்கொண்டார்கள். நெட்டையான வெள்ளைக்காரன் மலாய்க்காரனாகவோ சீனனாகவோ நடிப்பது கஷ்டம். இறப்பர்த் தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் தமிழர் எங்கும் இருந்தார்கள். இருளில் ஒரு தமிழர் நடந்துபோனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே தமிழர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் சியாம்–பர்மா ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பலர் திரும்பவில்லை. சாப்மனின் சாகசத்தை வாசிக்கிற மலையக வாசகர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கவேண்டும்.

மூன்றரை வருஷம் காட்டில் என்ன சாப்பிட்டார்?
(மாத்தளை வாசகி)

சோறு கிடைத்த நாளில் சோறு. மற்ற நாட்களில் மரவள்ளிக்கிழங்கு. மலேரியா ஓயாமல் வந்தது. ஒருமுறை 17 நாள் நினைவில்லாமல் கிடந்தார். 1944 மேயில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, அன்றிரவே கூடாரத்தின் அடியால் நழுவி ஓடினார். அந்த உடம்பை உயிரோடு காத்தவர்கள் சீனக் கெரில்லாக்களும் காட்டோரம் குடியிருந்த ஏழைச் சீனக் குடும்பங்களும் காட்டின் பூர்வகுடி மக்களும். வெள்ளைக்காரனுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தது தெரிந்தால் ஜப்பானியர் ஊரையே கொளுத்துவார்கள் என்று தெரிந்துதான் கொடுத்தார்கள். சாப்மனுக்குப் பதக்கங்கள் கிடைத்தன. அவருக்குச் சோறு போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை இந்தக் கதையிலிருந்து பிரிக்கவே முடியாது.

ஜப்பானியரை எதிர்த்த சீனர்களில் பெயர் தெரிந்த ஒருவராவது உண்டா?
(பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்)

லிம் போ செங். சிங்கப்பூர் வியாபாரி. போர்ஸ் 136க்குச் சீன இளைஞர்களைச் சேர்த்துக் கொடுத்தவர். அந்த அமைப்பின் ஜோன் டேவிஸ் 1943 மேயில் இலங்கையிலிருந்து ஓர் ஒல்லாந்து நீர்மூழ்கியில் மலாயாவுக்குப் போய் இறங்கினார். அதே கடல்வழியில் நவம்பரில் லிம்மும் போனார். 1944 மார்ச்சில் பிடிபட்டார். சித்திரவதையிலும் ஒரு பெயரைக்கூட வெளியிடவில்லை. ஜூன் 29ஆம் திகதி பத்து காஜா சிறையில் உயிர் போனபோது வயது 35. சாப்மனின் வீரத்தைவிட இந்த மௌனம் ஒரு படி உயர்ந்தது என்றே இந்தப் பகுதி கருதுகிறது.

சாப்மன் எப்படி வெளியே வந்தார்?
(நாவலப்பிட்டி வாசகர்)

டேவிஸ் குழுவோடு அவர் சேர்ந்தது 1943 கடைசியில். ஆனால் இலங்கையோடு வானொலித் தொடர்பு கிடைத்தது 1945 பெப்ரவரியில்தான். மே மாதம் பங்கோர் தீவுக் கரையிலிருந்து ‘ஸ்டேட்ஸ்மன்’ நீர்மூழ்கி அவரை ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தது. செத்துப்போனார் என்று பலரும் நினைத்திருந்த மனிதர் கண்டியில் வந்து அறிக்கை கொடுத்தார். ஓய்வெடுத்தாரா? ஆகஸ்ட்டில் பரசூட்டில் மறுபடியும் மலாயாவுக்கே போனார்!

அந்தக் கண்டியில் பெண்களும் வேலை செய்தார்களா?
(நுவரெலியா வாசகி)

நிறையப் பேர். அமெரிக்க உளவு அமைப்பின் கண்டி அலுவலகத்தில் இரகசியக் கோப்புகளைக் காத்தவர் ஜூலியா மக்வில்லியம்ஸ். தம் வருங்காலக் கணவர் போல் சைல்டை இலங்கையில்தான் சந்தித்தார். பின்னாளில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்காவுக்கே பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

கண்டிக்காரர்கள் இதையெல்லாம் வேடிக்கை மட்டும்தான் பார்த்தார்களா?
(கண்டி வாசகர்)

இல்லவே இல்லை. மௌன்ட்பேட்டனின் தலைமையகம் வருமுன்பே இங்கே ஒரு துணிகரமான தப்பித்தல் நடந்துவிட்டது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. நடுவில் 7ஆம் திகதி இரவு, போகம்பரைச் சிறையிலிருந்து என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய சமசமாஜக் கட்சித் தலைவர்கள் வெளியேறினார்கள். காவலரின் மனத்தை வென்றிருந்ததால் வெடிமருந்து தேவைப்படவில்லை.

இன்றைக்குப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?
(தெல்தோட்டை வாசகர்)

பேராதனைப் பூங்கா இருக்கிறது. நகருக்குள் போர்க்கால மயானமும் இருக்கிறது: சுமார் 200 கல்லறைகள், நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. பிரித்தானியரோடு கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர், கனடியர் பெயர்களையும் நின்று வாசியுங்கள். சாப்மன் அங்கே இல்லை. 1971இல் இங்கிலாந்தில் இறந்தார். லிம் போ செங்கின் கல்லறை சிங்கப்பூரில், மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற மலையகத்தார் ஒரு பூவோடு போகலாம்.